சாமியும் வேண்டும், நாமாக இருக்கவும் வேண்டும்: மலையூர்ப் பால்புதுமையருக்கான முழு வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு சபையில் மனம் கசந்தால் இரண்டு தெரு தள்ளி இன்னொரு சபை இருக்கும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொடைக்கானலிலும் அந்த வசதி கிடையாது. ஆயரின் மனைவியான ஆயரம்மாதான் உங்களுக்குப் பத்தாம் வகுப்பு டீச்சராக இருந்திருப்பார். கோயில் கமிட்டிச் செயலாளர், அப்பா வேலைபார்க்கும் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருப்பார். காலையில் ஒருவர் காதில் விழுந்த சேதி சாயங்கால பஸ்ஸுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் நகரத்தில் இருப்பவர்கள் சொல்லும் "தைரியமாக எல்லாரிடமும் சொல்லிவிடு" என்ற யோசனை இங்கே பலருக்கு வினையாக முடிகிறது.

திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், ஊடுபாலினர் என எவராக இருந்தாலும், கும்பிடுவதையும் ஜெபிப்பதையும் தொழுவதையும் விட மனமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறோம். நம்பிக்கையை விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விட முடியாதவர்களைப் பார்த்து "அதையெல்லாம் தூக்கிப்போடு" என்பதும் ஒரு கொடுமைதான்.

வரிசைதான் முக்கியம். முதலில் கடவுளோடு, பிறகு வேதத்தோடு, பிறகு நம்பிக்கையான ஒரே ஒரு மனிதரோடு, அதற்கும் பிறகுதான் வீடும் சபையும். இந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

படி 1: மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

"கடவுள் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை" என்று அழுபவர்களிடம் நிதானமாகக் கேட்டுப்பாருங்கள். உண்மையில் ஏற்றுக்கொள்ளாதது ஒரு பாஸ்டராக இருக்கும், ஒரு பெரியப்பாவாக இருக்கும், அல்லது சிறுவயதில் கேட்ட ஒரு பிரசங்கமாக இருக்கும். நீங்கள் கும்பிடும் தெய்வம், மதம் எழுதிவைத்திருக்கும் போதனை, ஊரில் அதை நடத்தும் ஆட்கள் ஆகிய மூன்றும் வேறு வேறு. எது உங்களைக் காயப்படுத்தியது என்று எழுதிப் பிரித்துப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டாம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் இடத்தில் எந்த நோட்டும் ஒரு நாள் யாராவது கையில் கிடைக்கும். பூட்டுப் போட்ட போன் குறிப்பில் எழுதுங்கள். போனை வீட்டில் எல்லாரும் எடுப்பார்கள் என்றால் எழுதவே வேண்டாம், தனியாக நடக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பாருங்கள்.

இதற்கு மூன்று மாதமாவது கொடுங்கள். அந்தக் காலத்தில் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. இங்கே பொதுவாக நடக்கும் தவறு பேரம் பேசுவது: "இந்தத் தவக்காலம் முழுக்க விரதம் இருக்கிறேன், என்னை மாற்றிவிடு", "மூன்று வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை வருகிறேன், இந்த எண்ணத்தை எடுத்துவிடு" என்பது. எண்ணம் மாறாது. மாறாதபோது, நம் பக்தி போதவில்லை என்று தோன்றி அடுத்த வருஷம் விரதம் இன்னும் கடுமையாகும். உடம்பும் கெட்டு, கடைசியில் தெய்வத்தின் மேலேயே வெறுப்பு வரும். விரதம் இருங்கள், நடந்து போங்கள், ஆனால் அந்த வேண்டுதலை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள்.

படி 2: உங்கள் மதம் நிஜமாக என்ன சொல்கிறது என்று படியுங்கள்

மற்றவர்கள் வாயால் கேட்டதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதே சமயம், உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிப் படித்தாலும் முதல் வாக்குவாதத்திலேயே விழுந்துவிடுவீர்கள். இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு: உங்களுக்கு எதிராக எடுக்கப்படும் வசனங்கள் கொஞ்சம்தான். ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9-10, 1 தீமோத்தேயு 1:10. இவற்றை அந்தந்த அதிகாரம் முழுவதுமாகப் படியுங்கள். சோதோமின் பாவம் எது என்பதற்கு வேதத்துக்குள்ளேயே எசேக்கியேல் 16:49-இல் ஒரு பதில் இருக்கிறது: பெருமை, வயிறு நிறைந்த சுகவாழ்வு, ஏழைக்குக் கை கொடுக்காதது. அடுத்த வசனம் அருவருப்பையும் சொல்கிறது, அதையும் மறைக்காமல் படியுங்கள்.

பிறகு ஏசாயா 56-க்கு வாருங்கள். பிள்ளை பெற வழியில்லாத அண்ணகன் "இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக" என்கிறது. குமாரர், குமாரத்திகளுக்கு உரியதைவிட மேலான இடம் அவனுக்கு ஆலயத்துக்குள் உண்டு என்கிறது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய அண்ணகர் பிலிப்புவிடம் கேட்கும் "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்ற கேள்விக்குப் பிலிப்பு ஒரு தடையையும் வாழ்க்கைமுறையில் தேடவில்லை. உபாகமம் 23:1 சபைக்குள் வரக்கூடாது என்று தள்ளிய அதே மனிதருக்கு ஏசாயா கதவைத் திறக்கிறார், பிலிப்பு தண்ணீருக்குள் இறங்குகிறார். திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் படிப்பது பெரிய பலம்.

கத்தோலிக்கர்கள் மறைக்கல்வி நூலின் 2357 முதல் 2359 வரையிலான எண்களைப் படிக்க வேண்டும். 2357 தன்பாலுறவைத் தவறு என்கிறது, 2359 கற்புநிலையில் வாழச் சொல்கிறது. நடுவில் உள்ள 2358, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. பங்கில் யாராவது முதலாவதை மட்டும் நீட்டினால் நடுவில் உள்ளதை நீங்கள் நீட்டலாம், இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பர் 18-இல் வாட்டிகன் வெளியிட்ட அறிவிப்பு, தன்பால் இணையர் கேட்டால் குருவானவர் எளிய ஆசீர் வழங்கலாம் என்றது. அது திருமணம் ஆகாது, திருச்சடங்கும் ஆகாது. அதே ஆண்டு வந்த இன்னொரு பதில், குழப்பமோ இடறலோ வராத நிலையில் திருநர் திருமுழுக்குப் பெறலாம் என்றது. இவை வாட்டிகன் தாளில் இருக்கின்றன என்பதால் உங்கள் பங்குத்தந்தை செய்வார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்துக்களுக்கு: ஒரே புத்தகம், ஒரே தலைமை என்று இங்கே இல்லை. அர்த்தநாரீஸ்வரரைத் திருச்செங்கோட்டில் கும்பிடுகிறோம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பெண் குரலில் பாடியிருக்கிறார்கள். சித்திரையில் கூவாகத்துக் கூத்தாண்டவருக்குத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஆழ்வார்களைத் திருநங்கையர் என்று வாதிடத் தேவையில்லை, அப்படி வாதிட்டால் தோற்பீர்கள். பக்தியில் ஆணா பெண்ணா என்ற கோடு இறுகவில்லை என்பது மட்டும் போதும்.

பழனி மலையில் நிற்கிற முருகனை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். வீட்டில் தனக்கு நியாயம் நடக்கவில்லை என்று கோபித்து வந்தவர். அப்பாவும் அம்மாவும் தேடி வந்து சமாதானம் சொன்னார்கள். அவர் கயிலாயத்துக்குத் திரும்பிப் போகவில்லை. வள்ளி, தெய்வானை பக்கத்தில் இல்லாமல் ஆண்டிக் கோலத்தில் தனியாக நிற்கிறார், கோடிப்பேர் அவரைத்தான் குடும்பத்தோடு வந்து கும்பிடுகிறார்கள். வீட்டோடு சமாதானம் ஆவதும் வீட்டுக்குள் திரும்பிப் போவதும் ஒன்றல்ல என்பதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது.

இந்துக் குடும்பத்தில் சிக்கல் சாஸ்திரத்தில் வருவது குறைவு, குலதெய்வக் கோயிலில் வருவதுதான் அதிகம். அங்கே வரி தலைக்கட்டுக் கணக்கில் வாங்குவார்கள். கல்யாணம் ஆன ஆணுக்கே தலைக்கட்டு. நாற்பது வயதிலும் கல்யாணம் ஆகாதவருக்கு அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது, "ஏன் இன்னும்" என்ற கேள்வி வருஷாவருஷம் அங்கேதான் எழும். வரிப் பட்டியலில் சேரப் போராடுவதைவிட உங்கள் பெயரில் உபயமோ அன்னதானப் பங்கோ எழுதிவிடுவது பல ஊர்களில் எளிதாக முடிகிறது. ரசீதில் பெயர் வரும், கேள்வியும் அடங்கும். படகர் ஊர்களான ஹட்டிகளிலும் இதே கதைதான்: ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு நடப்பது தனி ஆளின் பக்தி மட்டுமல்ல, ஹட்டியின் ஒற்றுமை. பெண்களுக்குரிய வெள்ளை உடையில் ஒரு திருநங்கை முதல்முறை வருவதாக இருந்தால் அன்றைக்கே போய் நிற்பதைவிட, வீட்டுப் பெரிய பெண்கள் இருவரின் சம்மதத்தை முன்பே வாங்கி அவர்கள் நடுவில் நடப்பது நல்லது.

முஸ்லிம்களுக்கு: லூத் நபியின் சமூகம் பற்றிய வசனங்கள் (குர்ஆன் 7:80-84 முதலியவை) தெளிவாக இருக்கின்றன, நான்கு மத்ஹபுகளும் (சட்ட மரபுகளும்) தன்பாலுறவுச் செயலைப் பாவம் என்றே சொல்கின்றன. மனதில் எழும் நாட்டத்துக்குத் தண்டனை இல்லை என்பதும் அதே மரபில் உள்ளது. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாமல் பிறந்தவர்களைக் குன்ஸா என்று பிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்ட நூல்கள் பேசுகின்றன. தொழுகையில் ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவில் அவர்களுக்கு இடம் வகுத்திருக்கின்றன. ஊடுபாலினருக்கு இது நேரடியாகப் பயன்படும். எல்லாருக்கும் பயன்படுவது இன்னொன்று: தவ்பாவுக்கு (பாவமன்னிப்புக் கேட்பதற்கு) இடையில் மனிதர் தேவையில்லை, தன் அந்தரங்கத்தைத் தானே வெளியே போட்டுடைக்க வேண்டிய கடமையும் இல்லை. "ஜமாஅத்தில் சொல்லாமல் மறைப்பது பொய்" என்று உங்களைக் குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

படி 3: முதல் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. மனம் தாங்காமல், ஜெபக்கூட்டம் முடிந்த கையோடு அங்கே இருக்கும் அன்பான அக்காவிடம் சொல்லிவிடுவார்கள். அந்த அக்கா கெட்டவர் இல்லை. அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் போடுவார்: "நம்ம சபைத் தம்பி ஒருவருக்கு ஒரு பெரிய போராட்டம், பாரத்தோடு ஜெபியுங்கள்." பெயர் போட மாட்டார். குழுவில் முப்பது வீடு, அதில் வயசுத் தம்பிகள் நான்கு பேர். மறுநாள் காலைக்குள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். மலையூர்களில் ரகசியம் வெளியே போவது புறம் பேசுகிறவர்களால் மட்டுமல்ல, ஜெபக்குறிப்பு வழியாகவும் போகிறது. சொல்வதாக இருந்தால் சொல்லும் முன்பே கேளுங்கள்: "அக்கா, நான் சொல்வதை ஜெபக்குறிப்பாகக்கூட யாரிடமும் சொல்லக்கூடாது. முடியுமா?" தயங்கினால் சொல்ல வேண்டாம்.

ஒருவரை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. உங்களைப் பற்றிப் பேசாமல், பொதுவாக ஒன்று கேளுங்கள்: "ஒரு திருநங்கை நம்ம கோயிலுக்கு வந்தால் எந்தப் பக்கம் உட்காருவாங்க ஃபாதர்?" பதிலைவிட முகத்தைப் பாருங்கள். சிரித்து ஒதுக்கினால் அவர் இல்லை. "அவங்க எங்கே வசதியோ அங்கே" என்றால் இரண்டு வாரம் கழித்து அடுத்த கேள்வி.

கத்தோலிக்கருக்கு ஒரு வசதி உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் (ஒப்புரவு அருட்சாதனத்தில்) சொன்னதை குருவானவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்கும் வெளியிட முடியாது. வெளியிட்டால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை அவருக்கு. ஆனால் இந்த ரகசிய முத்திரை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மட்டும்தான். பங்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டுப் பேசியதற்கு அது பொருந்தாது. "இதை ஒப்புரவாகவே சொல்கிறேன் ஃபாதர்" என்று தொடங்குங்கள். சொந்தப் பங்கிலேயே போகத் தேவையில்லை. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களில் முன்பின் தெரியாத குருவிடம் போகலாம். சி.எஸ்.ஐ. ஆயரிடமோ பெந்தெகொஸ்தே பாஸ்டரிடமோ இப்படி ஒரு கட்டுமானம் இல்லை. அவருடைய சொந்த நாணயம்தான் பாதுகாப்பு.

மதத்துக்கு வெளியே ஒருவர் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். லைன் வீட்டில் பேச முடியாது என்றால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் நின்று பேசுங்கள், அங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

படி 4: வீட்டில் சொல்வதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

எஸ்டேட் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. அப்பா அம்மா பெயரில் வேலை என்றால் வீட்டில் உங்களுக்குப் பிடிமானம் இல்லை. ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை டிஜிலாக்கரிலோ நம்பிக்கையான நண்பரிடமோ வையுங்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். இரண்டு மாத வாடகையும் சாப்பாடும் சேரும்வரை பேச்சைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் இல்லை.

நாளும் நேரமும் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி சொன்னால் ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் ஆயர் வீட்டுக்கு வந்துவிடுவார். திருவிழா வாரத்தில் உறவினர் கூட்டம் இருக்கும். வார நாளில், காலையில், வெளியேற பஸ் இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். இரவில் மலைப்பாதையில் வண்டி அரிது. கூடலூரிலிருந்து மைசூர் பக்கம் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு.

சொல்லும்போது வேதவிளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். "நான் இன்னும் சாமி கும்பிடுகிறவன்தான், அது மாறவில்லை" என்பதை முதலில் சொல்லுங்கள். பெற்றோருக்கு முதல் பயம் ஊர் என்ன சொல்லும் என்பது, அடுத்தது பிள்ளை நரகத்துக்குப் போய்விடுமோ என்பது. இரண்டாவதை நாம் கேலி செய்யக் கூடாது. அது நிஜமான பயம், அன்பிலிருந்து வருவது.

படி 5: "சரிசெய்ய" அழைத்துப்போனால்

விடுதலை ஜெபம், இருபத்தொரு நாள் உபவாசம், மந்திரித்த கயிறு, குறி கேட்டுப் பரிகாரம், "ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" எல்லாமே ஒரே வகை. இதில் கல்யாணம்தான் மிகக் கொடியது, ஒன்றும் அறியாத இன்னொரு உயிரையும் அதில் கட்டிவிடுகிறார்கள். அதற்கு மட்டும் எந்த நிலையிலும் சம்மதிக்க வேண்டாம்.

சட்டம் இங்கே தெளிவாக உங்கள் பக்கம் நிற்கிறது. 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மதத்தோடான தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது தெரிந்தால், "காணவில்லை" என்று குடும்பம் கொடுத்த புகாரைப் போலீஸ் வாக்குமூலம் வாங்கி, தொந்தரவு செய்யாமல் முடித்துவிட வேண்டும் என்றார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சிகிச்சையை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. ஊரில் எந்த டாக்டராவது மாத்திரையால் மாற்றலாம் என்றால் அவர்மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஒரு கவசம். ஒரு வெள்ளைத்தாளில், மனநல சிகிச்சை விஷயத்தில் உங்கள் பிரதிநிதி யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அவர் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயது நிறைந்த நண்பரோ துணையோ எழுத்தில் சம்மதித்தால் போதும். வீட்டில் பேசுவதற்கு முன்பே எழுதி ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

யாராவது ஜெபிக்கட்டுமா என்று கேட்டால் ஒரேயடியாக மறுக்க வேண்டாம். "எனக்குச் சமாதானம் வேண்டி ஜெபியுங்கள், மாற்றம் வேண்டி வேண்டாம்" என்று எல்லையைச் சொல்லுங்கள். போனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, பெயரில்லாத கவரில் மாத்திரை கொடுப்பது, சமவெளியில் உள்ள ஜெபவீட்டுக்கு "இரண்டு நாள்தான்" என்று கிளப்புவது ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் 112-ஐக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுக்குள் என்றால் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100.

படி 6: வழிபாட்டில் உங்கள் இடம்

கோயிலில் பொதுவரிசையில் நின்று கும்பிட யாரும் உங்கள் அடையாளத்தைக் கேட்க முடியாது. 2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டம், பொது இடத்தில் நுழையவிடாமல் தடுப்பதையும் வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ துரத்துவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அறநிலையத்துறைக் கோயிலில் தகராறு வந்தால் பூசாரியிடம் மல்லுக்கு நிற்காமல் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை வாங்குங்கள்.

ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரித்து உட்காரும் ஆலயங்களில் முதல் வாரம் தனியாகப் போகாதீர்கள். உங்களுக்குரிய பக்கத்தில் ஒரு துணையோடு, கடைசி வரிசையில், ஆராதனை தொடங்கிய பிறகு போய் உட்காருங்கள். நாலைந்து வாரத்தில் கண்கள் பழகிவிடும். பெயர் மாற்றத்துக்கு: திருமுழுக்குப் பதிவேட்டில் பழைய பெயரை அழிக்க மாட்டார்கள். அரசிதழ் நகலைக் கொடுத்து ஓரக்குறிப்பு சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, திருவிருந்து உதவி போன்ற பொறுப்புகளில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் அடி விழும். விலகச் சொன்னால் வாய்மொழியில் ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான கமிட்டிகள் எழுதித்தரத் தயங்கும், அந்தத் தயக்கத்தில் பேச்சுவார்த்தைக்கு இடம் பிறக்கும். எழுதித் தந்துவிட்டால் அந்த ஆலயத்தில் இருப்பதா என்று அப்போது முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கத்தில் உங்களைக் குத்துகிறார்கள், வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை என்றால் விலகிவிடுங்கள். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையமோ வத்தலக்குண்டோ இறங்கி, தெரியாத கூட்டத்தில் நின்று ஜெபித்துவிட்டு வருபவர்கள் நிறையப்பேர். அதுவும் முழுமையான வழிபாடுதான்.

படி 7: கல்யாணமும் சாவும்

தன்பால் திருமணத்துக்கு நம் நாட்டில் இன்று சட்ட அங்கீகாரம் இல்லை, 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அப்படித்தான் முடிந்தது. திருநங்கைக்கும் ஆணுக்குமான திருமணம் வேறு. தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்தபோது, 2019 ஏப்ரல் 22-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் சேர்க்கும் என்று சொல்லிப் பதியச் சொன்னது. பதிவாளர் மறுத்தால் இந்த அருண்குமார் வழக்கின் தீர்ப்பு நகலோடு போங்கள்.

சாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சபை கடைசியாகக் கணக்குத் தீர்ப்பது அங்கேதான். திருநங்கைக்கு வேட்டி சட்டை போட்டுப் பழைய பெயரில் அடக்கம் செய்வது நடக்கிறது. கூட வாழ்ந்த துணையைக் கல்லறைக்குக்கூட விடுவதில்லை. உயிலில் எழுதினால் மட்டும் போதாது, உயிலைப் பிரிக்கும்போது காரியம் எல்லாம் முடிந்திருக்கும். என்ன உடை, எந்தப் பெயர், புதைப்பதா எரிப்பதா, யார் முன்னால் நிற்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகல் ஆயரிடமோ ஜமாஅத் செயலாளரிடமோ, இன்னொன்று துணையிடம், மூன்றாவது உங்கள் சொல்லைக் கேட்கும் ஒரு தம்பி தங்கையிடம். சபைச் சந்தாவையோ மஹல்லா சந்தாவையோ ஒரு மாதமும் பாக்கி வைக்காமல் உங்கள் பெயரிலேயே கட்டி, ரசீதுகளை அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். கல்லறை இடம் கேட்கும்போது கமிட்டி முதலில் புரட்டிப் பார்ப்பது சந்தா நோட்டைத்தான்.